ஹாரன் பொத்தான்

அன்று காலை வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குப் பெரியவர் கனி மரைக்காயர். அவருடைய தம்பி சிக்கந்தர். கனியின் மகள் ஹாஃபிஸா, நிலைக்கு உள்ளே கதவைப் பிடித்தபடி. அவள் கணவன் வசீம். அன்றைய மாப்பிள்ளை, அவர்கள் மகன் முஸ்அப். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். குடும்பத்தின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பால்சாமி. இராமநாதபுரம் கேணிக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அருள்முருகன். இவர்களோடு மாப்பிள்ளையின் சேக்காளிகள் சிலர். வேறு ஒருவரும் இல்லை. பிறகு பெரியபட்டினத்தில் பாதிப்பேர் ‘நாங்க நேருலயே பாத்தோம்’ என்றார்கள். அவர்கள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவரவர் வீட்டில் கல்யாணச் சாப்பாட்டுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்றது ஒரு கறுப்பு புல்லட். கனியின் வாப்பா மீராசா மரைக்காயர் மதராஸில் புதிதாக எடுத்து, ரயிலில் ஏற்றி, இராமநாதபுரத்தில் இறக்கி, அங்கிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்த வண்டி. பிரேக் இடது காலில், கியர் வலது காலில். கிளப்புவதற்குக் கிக்கரைத் தவிர வேறு வழி கிடையாது. அதையும் எடுத்தவுடன் மிதித்துவிட முடியாது. சாவியைத் திருப்பி, கிக்கரில் காலை வைத்து மெல்ல அழுத்தி, டேங்குக்கு முன்னால் இருக்கும் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் உடம்பின் கனம் முழுவதையும் வலது காலில் இறக்க வேண்டும். இடம் தவறினால் வண்டி எதிர்த்து உதைக்கும். அதில் கால் மூட்டு கழன்றவர்கள் ஊரில் இருந்தார்கள்.

மீராசா மரைக்காயருக்கு இரண்டு ஆண் மக்கள். இருந்தது ஒரு வண்டி. கடைசிப் படுக்கையில் அவர் ஜமாஅத்துப் பெரியவர்களை வைத்துக்கொண்டு சொன்னார்: “மிதிச்சுக் கிளப்புறவன் வச்சுக்கிடட்டும். அவனுக்கு ஏலாமப் போற அன்னைக்கு வண்டி மத்தவன் வாசலுக்குப் போயிரணும். வண்டி எந்த வாசல்ல நிக்குதோ அவன் சொல்லுறதுதான் குடும்பத்துல பேச்சு.”

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் அண்ணன் தம்பி இருவரும் வாசலில் மிதித்துப் பார்த்தார்கள். கனி ஒரே மிதியில் கிளப்பினார். சிக்கந்தர் ஏழு முறை மிதித்தார். ஏழிலும் வண்டி இருமியதே தவிர எழவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று ஒட்டிய பெயர் போகவே இல்லை. ஊரில் மூன்று சிக்கந்தர்கள் இருந்தார்கள். ‘ஏழு மிதி’ என்றால் இவர்தான். அபுதாபியில் இருபது வருடம் வேலை பார்த்துத் திரும்பிய பிறகும், மீன் வாங்கப் போன இடத்தில், “ஏழு மிதி காக்காவுக்கு நல்ல பாறை மீனா எடுத்துப் போடு” என்றார்கள்.

வண்டி கனியின் வாசலில் நின்றது. குடும்பத்தில் எந்தப் பையனுக்கு நிக்காஹ் என்றாலும், அவனைப் பின்னால் உட்காரவைத்து ஜும்ஆப் பள்ளிக்கு அழைத்துப் போவது அந்த வண்டிதான். ஓட்டுவது கனிதான். ஒரே மிதி. சுற்றி நிற்பவர்கள் ‘மாஷா அல்லாஹ்’ சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கனி நாற்பது வருடமாகக் கேட்டு வந்தார். அது தமக்குச் சேரவேண்டியது என்றே வாங்கிக்கொண்டார்.

பிறகு சர்க்கரை வந்தது. முதலில் கண்ணுக்குக் கண்ணாடி, பிறகு ஊசி, பிறகு வலது பாதத்தில் உணர்வு இல்லை. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனைவரை நடந்திருக்கிறார். சுடுமணல் தெரியவில்லை, முள் தெரியவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாதத்தைக் காக்க மெல்லிய தோல் காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டார். காலையில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்து அணிந்துகொண்டால் அடுத்த தொழுகைகளுக்குக் காலைக் கழுவாமல் உறையின்மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்பது மார்க்கம் தந்த சலுகை. ஊரார் அதை மார்க்கப் பேணுதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கேட்டைச் சாத்திக்கொண்டு வண்டியை மிதித்தார். கால் கிக்கரில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முள் நடுவில் நின்றது, கால் வழுக்கியது. மறுபடி மிதித்தார். எத்தனை முறை என்று எண்ணாமல் இருக்க முயன்றார். எண்ணத்தான் செய்தார். ஏழைத் தாண்டியதும் இறங்கி, வண்டியைத் துணி போட்டு மூடினார். அன்று பள்ளிக்கு நடந்தே போனார்.

அடுத்த வாரம் வண்டி மினிவேனில் இராமநாதபுரம் போனது. ‘பெயிண்ட் அடிக்க’ என்று வீட்டில் சொன்னார்.

அருள்முருகன் வாய் ஓயாத ஆள். ஸ்பேனரைவிட நாக்கு வேகமாகச் சுழலும்.

“செல்ஃப் ஸ்டார்ட்டு வச்சிரலாம் பாய். மோட்டாரு, பல்லுச்சக்கரம், சைடு கவரு, பெரிய பேட்டரி. பொத்தானை அமுக்குனா சம்பள நாள்ல கொளுந்தியா வந்து நிக்கிற மாதிரி டக்குன்னு வந்து நிக்கும் வண்டி.”

“வெளிய தெரியக்கூடாது” என்றார் கனி.

“எது?”

“மோட்டார்.”

“பாய், அது சொம்பு தண்டிக்கு இஞ்சினுக்குப் பின்னால உக்காரும். என்ன, மூக்குத்தியா மறைச்சு வைக்க?”

“தகரத்துல ஒரு பெட்டி அடிச்சு மூடு. பாக்குறவன் டூல்ஸ் பெட்டின்னு நெனைக்கட்டும். கிக்கர் இருந்த எடத்துல இருக்கணும். நான் மிதிக்கிறதாத்தான் இருக்கணும்.”

அருள்முருகன் சிரிக்கப்போனான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. “ஆராருக்கோ இல்லாததையெல்லாம் இருக்குறதா காட்ட வண்டி செஞ்சு குடுத்திருக்கேன். இருக்குறதை இல்லைன்னு காட்ட நீங்கதான் மொத ஆளு. பொத்தானை எங்கன வைக்க?”

“அதை நீ சொல்லு.”

அவன் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தான். இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த ஹாரன் பொத்தானைத் தட்டிக் காட்டினான். “இந்தா இருக்குல்ல. ஹாரன் வயரை அத்துவிட்டுட்டு மோட்டாரு வயரை இதுல குடுத்திருவோம். அம்பது வருசமா இருக்குற பொத்தான். ஒருத்தன் சந்தேகப்பட மாட்டான்.”

“ஹாரனுக்கு?”

“ரப்பர் ஹாரன். பாம், பாம்.”

“ஐஸ்காரன் மாதிரியா?”

“ராசாக்கமார் காருல அதான் பாய் இருந்துச்சு. சேதுபதி வண்டியில என்ன, ஏரோப்பிளேன் சத்தமா கேட்டுச்சு?”

வேலை முடிந்த அன்று அருள்முருகன் அவருக்கு அந்த நடிப்பைச் சொல்லிக்கொடுத்தான். இந்த வண்டியில் இடது கையால் கிளட்சைப் பிடித்துக்கொண்டால் கிக்கருக்கும் இஞ்சினுக்கும் தொடர்பு விட்டுப்போகும். கிக்கர் குழந்தை மிதித்தாலும் இறங்கும். கிளட்சைப் பிடி, கிக்கரை மிதி, மிதிக்கும்போதே பெருவிரலால் பொத்தானை அமுக்கு. பார்ப்பவனுக்குக் காலால் கிளம்பியது போலவே இருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு பாய். கிளட்சு பிடிக்காம, கால் கிக்கர்ல இருக்கும்போது, பொத்தான்ல கை படக்கூடாது. மோட்டாரு ஒரு பக்கம் சுத்தும், இஞ்சின் எதிர்த்து ஒதைக்கும், கிக்கர் திரும்பி மேல வரும். காலைச் சுள்ளி மாதிரி ஒடிச்சிரும்.”

“சரி.”

“இது உங்களுக்கும் எனக்கும்தான?”

“எனக்கும் உனக்கும்தான்.”

“எங்க கருப்பன் மேல ஆணை” என்று அவன் எண்ணெய்க் கையை நெஞ்சில் வைத்தான்.

ஒரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கனி வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் நின்று காலைத் தூக்கி வைத்தார், வண்டி எழுந்தது, எதிர்வீட்டார் பார்த்தார்கள். தாம் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். வாப்பா மிதிக்கத்தான் சொன்னார். கால் கிக்கரில் பட்டுத்தான் இறங்கியது. ஆனாலும் வண்டி கிளம்பிய உடனே வரவேண்டிய அந்தப் பெருமிதம் வரவில்லை. கிளம்பியதும் முதலில் அவர் பார்த்தது யாராவது தம் இடது கையைப் பார்த்தார்களா என்பதைத்தான்.

அந்த ரப்பர் ஹாரனை வைத்து அண்ணனைக் கிண்டல் செய்ய, டீக்கடையில் சிக்கந்தருக்கு மட்டும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. “காக்கா வண்டி வந்தா எங்க வீட்டுப் பிள்ளைக கிண்ணத்தைத் தூக்கிட்டு வெளிய ஓடுதுக. குச்சி ஐஸா கப் ஐஸா காக்கா?”

“ஒனக்கு ஏழு குச்சி எடுத்து வச்சிருக்கேன், வா” என்றார் கனி. கடையே சிரித்தது. சிக்கந்தரும் சிரித்தார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அப்படித்தான் இருந்தது. அதில் பகை இருந்ததில்லை.

முஸ்அப் சார்ஜாவிலிருந்து நிக்காஹுக்கு வந்தான். பெண் ஜுமானா, அதே ஊர்தான். அன்று விடிந்ததும் சிக்கந்தர் வந்து, தம் கையாலேயே வண்டியின் ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம் சுற்றினார். விளக்கைச் சுற்றி ஒரு சுற்று, கைப்பிடிக்கு ஒரு சுற்று. அதைப் பால்சாமி பார்த்தார், மோதினாரும் பார்த்தார்.

பத்து மணிக்குக் கனி வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோல் காலுறைமேல் செருப்பு. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கூட்டத்தின் முன்னால் எல்லாம் முறையாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதனால், தேவையே இல்லாத ஒன்றைச் செய்தார்: கிக்கரில் காலை வைத்து மெல்ல அழுத்தி, மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். மீராசா மரைக்காயர் அப்படித்தான் செய்வார். முள் நின்றது. உடம்பின் கனம் வலது காலில் இருந்தது. கிளட்சை இன்னும் பிடிக்கவில்லை. இடது கை தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தது.

“ஏலே மாப்ளே, ஹாரனை அடிலே! பொண்ணு வீட்டுக்குக் கேக்கட்டும்!” என்றான் சேக்காளி ஒருவன்.

மாலையோடு வண்டியின் இடதுபுறம் நின்ற முஸ்அப் சிரித்துக்கொண்டே குனிந்தான். சின்ன வயதில் அந்த டேங்கின்மேல் உட்கார்ந்து அவன் ஆயிரம் முறை அமுக்கிய பொத்தான். அமுக்கினான்.

ஹாரன் ஒலிக்கவில்லை. இஞ்சினுக்குள் ஏதோ முனகியது. ‘டப்’ என்று ஒரு வெடி. கிக்கர் கீழிருந்து மேலே பாய்ந்தது. கனியின் வலது கால் தூக்கி எறியப்பட்டு வண்டிமேல் மோதி இறங்கியது. எலும்பு ஒடியும் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் அதை வண்டியின் சத்தம் என்று நினைத்தார்கள்.

“நன்னா!” என்று தாத்தாவைக் கூப்பிட்டான் முஸ்அப்.

“ஒண்ணுமில்ல” என்றார் கனி. உண்மையாகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வலியில்லை. கால் இருந்த இடத்தில் எப்போதும் போல ஒன்றும் இல்லை. அவர் பார்த்தது அருள்முருகனை. அவன் முகம் சாம்பலாகியிருந்தது.

கனி கிளட்சைப் பிடித்தார். கிக்கரை மிதித்தார். பெருவிரலை அழுத்தினார். வண்டி கிளம்பியது.

“மாஷா அல்லாஹ்” என்றார் மோதினார்.

பேரனைப் பின்னால் வைத்துக்கொண்டு பள்ளிவரை ஓட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே நடந்தார். நிக்காஹ் முடியும்வரை மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று ஸலாம் சொன்னார். நடை கொஞ்சம் கோணலாக இருந்ததை வசீம் கவனித்தான். வயது என்று எண்ணிக்கொண்டான். தோல் உறைக்குள் இருந்தது வெளியே வரவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, வீட்டில், ஹாஃபிஸா குனிந்து அந்த உறையை இழுத்தாள். அது வரவில்லை. கத்திரிக்கோலால் வெட்டினாள். உள்ளே கால் கூடை கவிழ்த்ததுபோல் வீங்கியிருந்தது, கணுக்கால் திசைமாறியிருந்தது, ஒடிந்த எலும்பின்மேல் அவர் நாள் முழுக்க நடந்திருந்தார்.

“வாப்பா, வலிக்கலையா?” என்று அவள் கத்தினாள்.

அவர் வெட்டிய உறையை எடுத்து மடித்து வைத்தார். அந்தக் காலில் உணர்வே இல்லை என்பதை மகள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் முதலில் எலும்பில் தகடு வைத்துப் பார்த்தார்கள். சதை பிடிக்கவில்லை. கறுத்தது. மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊரில் பேச்சு தொடங்கியது டீக்கடையில். பால்சாமி நல்லவர், கண்டதைத்தான் சொன்னார். “மரைக்காரு மிதிக்கவே இல்லப்பா. சும்மா காலை வச்சிருந்தாரு. வண்டி அதுவா ஒதைச்சிருச்சு.” அதுவாக வண்டி உதைக்குமா என்று ஒருவர் கேட்டார். விடியக்காலையில் வண்டிப் பக்கம் யார் இருந்தார் என்று இன்னொருவர் கேட்டார். பூ கட்டியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மீராசா மரைக்காயரின் கடைசிச் சொல்லும் எல்லோருக்கும் தெரியும். காலில்லாதவர் மிதிக்க முடியாது. வண்டி தம்பி வாசலுக்குப் போகும். சந்தேகத்துக்கு வேண்டியது அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டே நாளில், சிக்கந்தர் பூவுக்கு உள்ளே வயரைச் சுற்றி வைத்தார் என்று வயரின் நிறம்வரை சொன்னார்கள்.

வசீம் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். “மாமா, ஊர்ல இப்படிப் பேசுறாங்க. நீங்க என்ன சொல்றிய?”

“ஊர் பேசும்” என்றார் கனி.

அந்த இரண்டு சொல்லை வசீம் ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனான். காக்கா மறுக்கவில்லை என்று அது பரவியது.

சிக்கந்தர் ஒரு முறை வந்தார். வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். “காக்கா, நான் பூ மட்டுந்தான் கட்டுனேன்” என்றார்.

கனி கண்ணை மூடிக்கொண்டார். மருந்து மயக்கம் என்று நினைக்க இடம் இருந்தது. மயக்கம் இல்லை. செருப்புச் சத்தம் வராந்தாவில் போய் முடியும்வரை அவர் கேட்டார்.

அருள்முருகன் வந்தபோது பழம்கூட வாங்கி வரவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றான்.

“சொல்லிரவா பாய்?”

“ஆணை போட்டிருக்க.”

“போட்டேன். நான் இப்ப ஒர்க்‌ஷாப்புல கருப்பன் படத்தைத் திரும்பிப் பாக்குறதில்ல. ஒங்க தம்பி என்ன பாவம் பண்ணாரு?”

“சொன்னா, பொத்தானை அமுக்குனது யாருன்னும் சொல்லணும்ல?” என்றார் கனி.

அருள்முருகனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். “அந்தப் பயலுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவன் ஹாரன் கெட்டுப்போச்சுன்னுதான் நெனைச்சிருக்கான்.”

அது பேரனைக் காப்பதற்கான மௌனம் என்று கனி தமக்குச் சொல்லிக்கொண்டார். பாதி உண்மை. மறுபாதி, கேட்டைச் சாத்திக்கொண்டு ஏழுக்கு மேல் மிதித்த வெள்ளிக்கிழமை. அதை ஊர் அறிவதைவிடத் தம்பி கெட்டவனாக இருப்பது அவருக்கு எளிதாக இருந்தது. எந்தப் பாதி பெரியது என்று அவர் பார்க்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த மறுவாரம் ஹாஃபிஸா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“மாஷிதா பேச்சு நின்னுபோச்சு வாப்பா.” மாஷிதா சிக்கந்தரின் மகள். கீழக்கரையில் பேசி முடித்து, நாள் குறிக்கவேண்டியதுதான் பாக்கி இருந்தது. “சொந்தக் காக்கா காலை எடுத்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லியனுப்பிட்டாங்களாம். அந்தப் புள்ள சோறு திங்கலை. சிக்கந்தர் சாச்சா பள்ளிக்கு வாரதில்ல. தொழுகை ஸஃப்புல பக்கத்துல நிக்க ஆளு ஒதுங்குதாம்.”

கனி கஞ்சியைப் பார்த்தார்.

“அது மீராசா மரைக்கார் பேத்தி” என்றாள் ஹாஃபிஸா. “நீங்கதான் எப்பவும் சொல்லுவிய. குடும்பம்னா என்னன்னு.”

அவர் கஞ்சியைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “லுஹர் தொழுகைக்குப் பொறவு எல்லாரையும் வரச் சொல்லு. அன்னைக்கு வாசல்ல இருந்தவங்க. மோதினாரு, பால்சாமி, மெக்கானிக்கு. முஸ்அபையும் பொண்ணு வீட்டுலயிருந்து கூப்பிடு. என் தம்பியை நான் வரச் சொன்னேன்னு சொல்லு. வரமாட்டேன்னா, காக்கா நடந்து வருவாருன்னு சொல்லு.”

சிக்கந்தர் வந்தார். உட்காரவில்லை. கனியைக் கூடத்தில் கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஒருக்காதான் சொல்லுவேன்” என்றார். “சிக்கந்தர் பூ கட்டுனான். வேற ஒண்ணும் செய்யல. வண்டியில ஒரு வருசமா மோட்டார் இருக்கு. அருள்முருகனை வச்சு நான் வச்சது. டூல்ஸ் பெட்டிக்குள்ள இருக்கு, போய்ப் பாருங்க. ஹாரன் பொத்தானை அமுக்குனா வண்டி கிளம்பும். கிக்கரை நான் மிதிக்கலை. ஏலலை. வாப்பா சொன்ன சொல்லுப்படி வண்டி போன வருசமே தம்பி வாசலுக்குப் போயிருக்கணும். நான் போகவிடலை.”

பால்சாமி தலையில் கைவைத்து, “அட மரைக்காரே” என்றார். மோதினார் ஏதோ ஓதினார்.

முஸ்அப் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கினான். “நன்னா... அன்னைக்கு அந்தப் பொத்தானை...”

“நான் அமுக்குனேன்” என்றார் கனி. “நீ கை நீட்டுனதை எல்லாரும் பாத்திருப்பாங்க. ஒன் விரல் வந்து சேருமுன்ன என் விரல் பட்டிருச்சு.”

கூடத்தில் இருந்த எல்லோரும் அன்று அவர் கை தலையில் தொப்பியைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள். அருள்முருகன் தரையைப் பார்த்தான். ஹாஃபிஸா கதவைப் பிடித்துக்கொண்டாள். முஸ்அப் எழுந்து கொல்லைப்புறம் போனான். வசீம் பின்னால் போனான்.

சிக்கந்தர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாப்பது வருசம் ஊரு ஏழு மிதின்னு கூப்பிட்டுச்சு. நீங்களும் கூப்பிட்டிய காக்கா. நான் சிரிச்சேன். நீங்க ஒரு மிதியும் இல்லாம ஓட்டியிருக்கிய.”

“ஆமா.”

“ஆஸ்பத்திரியில முழிச்சுத்தான இருந்திய?”

“ஆமா.”

“என் மகளுக்கு என்ன சொல்ல?”

கனி தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். கை நீட்டியபடியே இருந்தது. சிக்கந்தர் வாங்கிக்கொண்டார், விரல் படாமல் வாங்கினார்.

வாசலுக்குப் போய் அருள்முருகனைக் கூப்பிட்டார். “மோட்டார் வயரை அறு. ஹாரனை இருந்தபடி குடு.” அருள்முருகன் தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம், குறடு கடிக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. பிறகு சாவி. பிறகு, கிக்கர் மெல்ல இறங்கும் ‘கர்ர்’ என்ற ஒலி, சிக்கந்தர் முள்ளைத் தேடுகிறார். அறுபத்தாறு வயது ஆள். கனி நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். இல்லாத வலது கால் போர்வைக்குள் இறுகியது.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்போது, ஒரு வருடத்துக்குப் பின் முதல் முறையாக, அந்தப் பழைய ஹாரன் அடித்தது.

கீழக்கரைக்காரர்களுக்கு மோதினாரே நேரில் போய் உண்மையைச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்; பையனுக்கு அதற்குள் வேறிடத்தில் பேசியாகிவிட்டது. மாஷிதா வீட்டில் இருக்கிறாள். முஸ்அப் விடுப்பு முடியுமுன்பே சார்ஜா போய்விட்டான். போனில் நன்னாவிடம் பேசும்போது கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. சிக்கந்தர் பள்ளிக்கு வருகிறார். அண்ணன் வீட்டுப் படி ஏறுவதில்லை. வண்டி இப்போது தம்பி வாசலில் நிற்கிறது.

சாவி வாங்கிய அன்று வாசலில் சிக்கந்தர் ஏழு முறை மிதித்தார், ஏழாவதில்தான் வண்டி கிளம்பியது என்று ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது பொய். உள்ளே இருந்து எண்ணியவர் கனி மரைக்காயர். மூன்றாவது மிதியில் கிளம்பியது.